வாவிக்கரைக் காற்றும் நமது சுவாசமும்

நச்சுப் புகை என்றதும் கொழும்பின் வாகன நெரிசலும் ஆலைப் புகைபோக்கிகளுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. மட்டக்களப்பிலோ கிழக்கே கடல், நடுவே வாவி. ஆகையால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று வாசகராகிய நீங்கள் எண்ணக்கூடும்.

2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் சுழன்ற நாட்களில், வடக்கிலிருந்து வீசிய காற்று இந்தியப் பெருநிலத்தின் மாசைச் சுமந்து வந்து இலங்கையை மூடிற்று. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அதே வேளையில் வடக்கு கிழக்கில் குளிர் தாங்காது மாடுகள் பெருந்தொகையாக இறந்தன. அந்தத் துயரத்தில் காற்றின் கதை மறந்துபோயிற்று போலும்.

காற்றிலுள்ள பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். ஆனால் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கேயான நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று, அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவே புகையால் வருவது இருமலும் முட்டும் மட்டுமல்ல. மாரடைப்பும் பாரிசவாதமும் அதன் பிள்ளைகளே. கருவிலுள்ள குழந்தையின் நிறைகூடக் குறைகிறது. வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2013இல் அறிவித்தது.

அயலிலிருந்து வந்த புகை சில நாட்களில் போய்விட்டது. நாமே மூட்டும் புகையோ நாள்தோறும் எழுகிறது. மாலையில் வளவைக் கூட்டிச் சருகோடு சொப்பிங் பைகளையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். பிளாஸ்திக் எரிந்தால் டயொக்சின் போன்ற நஞ்சுகள் பிறக்கும். பொழுது சாய்ந்தபின் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து அசைவின்றிக் கிடப்பதால், புகை மேலெழாமல் வீடுகளுக்குள்ளேயே புகுகிறது. பிளாஸ்திக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் சட்டப்படி குற்றம். அதை அறிந்தவர் எத்தனை பேர்?

நுளம்புத் திரியையும் மறவாதீர்கள். ஒரு திரி வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. டெங்குக்கு அஞ்சவே வேண்டும். ஆனால் கதவடைத்த அறையில் குழந்தையின் தலைமாட்டில் திரி வேண்டாம், வலை கட்டுங்கள். குசினிப் புகையும் அப்படியே. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விறகைக் காயவைத்து எரியுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திராதீர்கள்.

குப்பை வண்டி வராத ஊரில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதைப் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டும். அதுவரை சருகைத் தென்னையடியில் புதையுங்கள். பைகளையும் போத்தல்களையும் கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால், வண்டி வரும் நாளில் கொடுக்கலாம்.