நூறில் ஒரு பங்கு நொடி

வைட்டிலாவிலிருந்து எர்ணாகுளம் நகருக்குள் சென்றால் மகாராஜா கல்லூரியின் ஓட்டத் திடலைக் காணலாம். ஓடுபவர் களைத்து நிற்கும்போது பயிற்றுநர், “இன்னும் ஒரு சுற்று” என்கிறார். அவர் ஏன் அச்சொல்லை ஏற்று ஓட வேண்டும்? அச்சம் ஓரிரு நாள் ஓட வைக்கும். நம்பிக்கையே ஆண்டுக்கணக்கில் ஓட வைக்கும். அந்நம்பிக்கைக்குக் கேரளம் தந்த சான்று, ஓ. எம். நம்பியாரும் பி. டி. உஷாவும்.

நம்பியார் இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். பின்னர்க் கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பயிற்றுநரானார். அங்குப் பயில வந்த சிறுமி உஷாவின் திறனை அவர் கண்டறிந்தார். உஷா 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளிப் பதக்கங்கள் வென்றார்.

பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் 1984இல்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. அதில் உஷாவுக்கு வாய்ப்பு மிகுதி என்று நம்பியார் கணித்தார். பழகிய ஓட்டத்தை விட்டுப் புதியதில் இறங்குவது எளிதன்று. ஆயினும் உஷா ஆசானின் கணிப்பை ஏற்றார். ஆசானும் மாணவியின் ஆற்றலை மதித்தே அப்பொறுப்பை அளித்தார்.

லாஸ் ஏஞ்சலிஸ் இறுதிப் போட்டியில் உஷா 55.42 நொடிகளில் ஓடி நான்காம் இடம் பெற்றார். மூன்றாமவரின் நேரம் 55.41 நொடி. நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் கைநழுவியது.

நம்பிக்கை சோதிக்கப்படுவது இத்தகைய வேளையில்தான். இருவரும் பிரியவில்லை, மீண்டும் பயிற்சியைத் தொடர்ந்தனர். மறு ஆண்டே ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். அதே 1985இல் துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டது. அதனை முதன்முதலாகப் பெற்றோருள் நம்பியாரும் ஒருவர்.

நம்பியார் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். அவரைத் தம் குருவாகவும் வழிகாட்டும் ஒளியாகவும் உஷா போற்றினார். உஷாவும் பின்னாளில் தடகளப் பள்ளி நிறுவி, டின்டு லூக்கா போன்றோரை உருவாக்கினார். ஆசானிடம் பெற்ற மதிப்பை அடுத்த தலைமுறைக்கு அளிப்பதே மாணவர் செலுத்தும் நன்றிக்கடன்.

சொற்பொருள்
ஆசான் – ஆசிரியர்
பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்
கணித்தல் – ஆராய்ந்து முடிவு கூறல்

எதிர்ச்சொல் எழுதுக
வெற்றி, எளிது, பழகிய

விடையளிக்க
1. நம்பியார் உஷாவுக்குத் தடை தாண்டும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
2. நம்பிக்கை எப்போது சோதிக்கப்படுகிறது?
3. மாணவர் ஆசிரியரை மதிப்பது போல ஆசிரியரும் மாணவரை மதிக்க வேண்டும். இக்கருத்தைப் பாடத்தின் வழி ஐந்து தொடர்களில் விளக்குக.