வில்லும் வேட்டையும்: சட்டம் கூறுவது என்ன?

இங்கிலாந்தில் வில் வைத்திருப்பது குற்றமன்று; அதனைக் கொண்டு காட்டு விலங்கையோ பறவையையோ வேட்டையாடுவதே குற்றமாகும். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் இதனைத் தடைசெய்கிறது. நில உரிமையாளர் இசைந்தாலும், குறி முயலேயாயினும் தடை பொருந்தும். மான்களுக்கு 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டமும் பாதுகாப்பளிக்கிறது. அம்பு குறி தவறித் தைத்தால் விலங்கு உடனே இறவாது. காயத்துடன் ஓடி நெடுநேரம் துன்புறும். தாயகத்தில் வேட்டையைக் கண்டு வளர்ந்தோர் இவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

நண்பர்களுடன் மரபு வில்லைப் பயில விரும்புவோருக்குக் கள வில்வித்தை ஏற்றது. இதில் குழுவாகக் காட்டுவழியே நடந்து, தொலைவைக் கண்ணால் கணித்து, செயற்கை நுரையாலான மான், பன்றி உருவங்கள்மீது முறைவைத்து எய்வர். புதியவர்கள் பூங்காக்களில் தாமாக எய்து பழகாது, வில்வித்தைச் சங்கமொன்றின் தொடக்கப் பயிற்சியில் சேர்தல் நன்று.