ஒன்பது கருடன், ஓர் அன்னம்: ஆழ்வார்திருநகரிக்குப் போகிறவர்களுக்கு

வைகாசியில் ஒரு நாள், தாமிரபரணிக் கரையின் எட்டுக் கோயில் பெருமாள்கள் பல்லக்கேறி ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கவிஞரைப் பார்க்க வருகிறார்கள். அவர் நம்மாழ்வார். உள்ளூர் பொலிந்துநின்ற பிரானோடு சேர்த்தால் ஒன்பது பெருமாள், நவதிருப்பதி.

எப்போது?

வைகாசி விசாகம் ஆழ்வாரின் திருநட்சத்திரம். அதையொட்டிய பத்து நாள் திருவிழாவில் ஐந்தாம் நாள்தான் இந்தச் சந்திப்பு நடக்கும் கருட சேவை. மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் வரும். தேதியைக் கோயிலில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். விசாகத்தன்று திருச்செந்தூர் முருகனுக்கும் கூட்டம் அலைமோதும். இரண்டு ஊருக்கும் ஒரே ரயில் பாதை.

எப்படி?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சர் ரயில் ஆழ்வார்திருநகரியில் நிற்கும். திருச்செந்தூர் பஸ்ஸிலும் வரலாம். ஊரில் தங்க வசதி குறைவு. அறையைத் திருநெல்வேலியிலோ திருச்செந்தூரிலோ போட்டுக்கொள்ளுங்கள். சேவை நள்ளிரவைத் தாண்டும் என்பதால் திரும்புவதற்கு வண்டி முன்பே பேசி வையுங்கள்.

என்ன பார்க்க?

பலரும் இரவுக்கு மட்டும் வருகிறார்கள். நீங்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். பந்தலில் ஆழ்வார் எழுந்தருளியிருப்பார். பெருமாள்கள் ஒவ்வொருவராக வந்து நிற்க, அந்தந்த ஊருக்கு அவர் பாடிய பாசுரத்தைக் கோஷ்டியார் சேவிப்பார்கள். தென்திருப்பேரைக்கு ஒரு பதிகமே உண்டு; பெருங்குளத்துக்கு ஒரே பாசுரம். வரவேற்பில் மட்டும் ஏற்றத்தாழ்வு கிடையாது.

இரவில் ஒன்பது பெருமாளும் கருட வாகனத்தில் வருவார்கள். ஆழ்வாருக்கு அன்ன வாகனம்; அவருடைய சீடர் மதுரகவிக்குப் பரங்கி நாற்காலி. புறப்பாட்டில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். தமிழ்ப் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னே போகும், வேத கோஷ்டி பின்னே வரும்.

கோயிலுக்குள் உறங்காப்புளியைப் பார்க்காமல் வராதீர்கள். இரவிலும் இலை மூடாத மரம் என்பதால் அந்தப் பெயர். இதன் பொந்தில்தான் ஆழ்வார் பதினாறு ஆண்டு பேசாமல் இருந்தார் என்பது ஐதீகம். அடிப்பீடத்தைச் சுற்றி 36 திவ்யதேசப் பெருமாள்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஒன்பது கோயிலும் பார்க்க

கருட சேவையன்று மற்றக் கோயில்களில் உற்சவர் இருக்க மாட்டார். அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரண்டு கோயில்கள் கொண்ட இரட்டைத் திருப்பதி. தென்கரையில் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, மதுரகவி பிறந்த திருக்கோளூர். சின்னக் கோயில்களில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வடகரையைக் காலையிலும் தென்கரையை மாலையிலும் வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

சில யோசனைகள்

வெயில் கடுமையாக இருக்கும். வழியில் நுங்கும் பதனியும் கிடைக்கும். பதனியைக் காலையிலேயே குடித்துவிடுங்கள், நேரமானால் புளிக்கும். ஆற்றில் குளிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள் இறங்கும் துறையிலேயே இறங்குங்கள்.

பையில் ஆழ்வார் பாடிய திருவாய்மொழிப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். காலையில் கோஷ்டி தொடங்கும்போது பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் எந்தப் பாசுரம் என்று கேளுங்கள். பக்கத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.