ஒற்றைக்கண் உறுதி

நுழையும்முன்

தடைகள் இருவகைப்படும். உடலில் நேர்வது ஒன்று. சமூகம் விதிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேர எதிர்கொண்ட விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

பனித்தளத்து இளமை

கனடா நாட்டின் ஃபிரெடெரிக்டன் நகரில் 1935ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் வில்லி ஓ'ரீ பிறந்தார். நீர்நிலைகள் உறையும் அந்நாட்டில் ஐஸ் ஹாக்கி சிறுவர்களின் அன்றாட ஆட்டம். காலில் சறுக்குக் காலணி, கையில் வளைகோல். பந்துக்கு மாற்றாகக் கெட்டி ரப்பரால் ஆன தட்டையான வட்டு. ஓ'ரீ விரைந்து சறுக்குவதில் வல்லவரானார்.

இருண்ட வலக்கண்

1955–56ஆம் ஆட்டப் பருவத்தில், பாய்ந்து வந்த வட்டு அவரது வலக்கண்ணைத் தாக்கியது. அக்கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுவதும் பறிபோயிற்று. இனி ஆடலாகாது என்றார் மருத்துவர். ஆயினும், சில வாரங்களிலேயே அவர் களம் திரும்பினார். ஒரு கண் பார்வையற்றோர் ஆடத் தேசிய ஹாக்கி லீக்கின் விதிகள் இடமளிக்கவில்லை. ஆதலால், தம் குறையை மறைத்தே ஆடினார்.

அவர் இடப்புற முன்கள வீரர்; ஆட்டத்தின் பெரும்பகுதி அவருக்கு வலப்புறத்தே நிகழும். தோழர் அனுப்பும் வட்டினைக் காணத் தலையை முழுவதும் வலப்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

தகர்ந்த நிறத்தடை

1958ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள், மாண்ட்ரியல் நகரில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக ஆடி, அந்த லீக்கின் முதல் கறுப்பின வீரரானார். 1961ஆம் ஆண்டின் முதல் நாளில் தம் முதல் கோலை அடித்தார். பார்வையாளர் சிலரின் இனவசைகள் அவரைத் தொடர்ந்தன. சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் கோலால் தாக்கியதில் அவரது முன்பற்கள் உடைந்தன.

அந்த லீக்கில் அவர் ஆடியவை 45 ஆட்டங்களே. அடித்தவை 4 கோல்களே. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் பிளேட்ஸ் அணியில் வலப்புற முன்கள வீரராக மாற்றப்பட்டார். இப்போது ஆட்டம் முழுவதும் நலமான இடக்கண்ணின் முன் விரிந்தது. 1964–65ஆம் பருவத்தில் 38 கோல்கள் குவித்தார். இடம் மாறியதும் திறமை வெளிப்பட்டமை எண்ணத்தக்கது.

திறந்த வழி

1979இல் ஓய்வுபெற்ற ஓ'ரீ, 1998 முதல் லீக்கின் சார்பில் பல நகரங்களுக்கும் சென்று, வாய்ப்புக் குறைந்த சிறுவர்களை ஹாக்கியின்பால் ஈர்த்தார். 2018இல் ஹாக்கிப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். 2022இல் பாஸ்டன் அணி, அவர் அணிந்த 22ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை எனச் சிறப்பித்தது. கோல்களின் எண்ணிக்கை சிறிதாயினும், பின்வருவோர்க்கு அவர் திறந்த வழி பெரிது.

தெரிந்து தெளிவோம்

ஓ'ரீக்கு அடுத்து அந்த லீக்கில் ஆடிய கறுப்பின வீரர் மைக் மார்சன். அவர் களம் கண்ட ஆண்டு 1974.

மதிப்பீடு

குறுவினா
1. ஓ'ரீ தம் பார்வைக் குறையை மறைத்தமைக்குக் காரணம் யாது?
2. வலப்புறம் மாறியது அவருக்கு எவ்வாறு துணைசெய்தது?

நெடுவினா
3. விதிக்கு மாறாகக் குறையை மறைத்து ஆடியது முறையாகுமா? உம் கருத்தைக் காரணங்களுடன் நிறுவுக.