பால் மறந்த பன்றிக்குட்டிக்கு ஏன் கழிகிறது?

தாயிடமிருந்து பிரித்து மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். துள்ளிக்கொண்டிருந்த குட்டிகள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். வாலடியில் மஞ்சள் நீர் ஒட்டியிருக்கும். வெண்பன்றி வளர்ப்போருக்குப் பழகிய தொல்லை இது. இதைப் பற்றிப் பண்ணைகளில் உலவும் பேச்சுகளில் பாதிக்குமேல் தவறு.

நம்பிக்கை: கழிச்சலுக்குக் காரணம் கிருமி மட்டுமே.

உண்மை: கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, நலமாக இருக்கும் குட்டிகளின் குடலிலும் இருக்கக்கூடியதுதான். அதற்கு வழி திறந்துவிடுவது பட்டினி. தாயிடம் இருக்கும்வரை குட்டி ஏறக்குறைய மணிக்கொரு முறை பால் குடிக்கிறது. பிரித்த அன்று அது அடியோடு நின்றுபோகிறது. புதுத் தீவனத்தில் சில குட்டிகள் இரண்டு நாள்வரை வாயே வைப்பதில்லை. உள்ளே செல்லும் இரைதான் குடல் சுவருக்கும் உணவு. அது இல்லாமல் போனால், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சில நாட்களிலேயே குட்டையாகிவிடுகின்றன. பிறகு குட்டி பசியில் ஒரேயடியாகத் தின்னும், செரிக்காத இரை கீழே இறங்கும், கிருமிக்குக் கொண்டாட்டம். தாய்ப்பாலில் வந்துகொண்டிருந்த எதிர்ப்புப் புரதங்களும் அதே நாளில் நின்றுவிடுகின்றன.

பிறந்த 10ஆம் நாள் வாக்கிலேயே குட்டித் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதும், பிரித்த பிறகு நாளுக்குப் பலமுறை சிறுகச் சிறுக வைப்பதும் இதனால்தான்.

நம்பிக்கை: புரதம் கூடினால் வளர்ச்சியும் கூடும்.

உண்மை: புரதத்தைச் செரிக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். பால்குடிக் குட்டியிடம் அது குறைவு. பாலின் சர்க்கரையை நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக்கி அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. பால் நின்றதும் அந்த உதவியும் நிற்கிறது. சோயாப் புண்ணாக்கை அள்ளிப்போட்டால் செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகி அம்மோனியாவாகிறது. சுண்ணாம்புத்தூள் மிகுந்தால் இருக்கிற அமிலமும் வீணாகும். அதனால்தான் பல நாடுகளில் மொத்தப் புரதத்தை 18 சதவீதத்தை ஒட்டிக் குறைத்து, லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்க்கிறார்கள்.

நம்பிக்கை: மருந்து கலக்காத தீவனத்தில் குட்டி பிழைக்காது.

உண்மை: தீவனத்தில் கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்கும்படி துத்தநாக ஆக்சைடைக் கலந்தால் கழிச்சல் குறையும் என்று 1980களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டார்கள். பலன் உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி சாணத்தோடு நிலத்தில் சேர்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவும் இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் இந்தப் பயன்பாட்டை நிறுத்தியது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006லேயே தடை செய்திருந்தது. இந்தியாவும் 2019இல் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பதற்குத் தடை விதித்தது. ஒன்றியத்தின் இந்தத் தடைகளுக்குப் பிறகும், டென்மார்க் இன்றும் பன்றி இறைச்சி ஏற்றுமதியில் முன்வரிசையில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: சீக்கிரம் பிரித்தால் லாபம்.

உண்மை: தாய் அடுத்த சினைக்குச் சீக்கிரம் தயாராகும் என்பது சரி. ஆனால் இயற்கையில் குட்டி பாலை மெல்ல மெல்ல மறக்க மூன்று மாதம்கூட ஆகும். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நாளாக ஆகத்தான் கூடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 28 நாள்; சுத்தம் செய்த தனிக் கொட்டகை இருந்தால் மட்டும் 21 நாள்.

நம்பிக்கை: கழியும் குட்டிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது.

உண்மை: இதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. கழிச்சலில் பல குட்டிகள் சாவது நீர் வற்றிப்போவதால். தொட்டியைக் கழுவி, எலக்ட்ரோலைட் தூள் கரைத்த நீரை வையுங்கள். கால்நடை மருத்துவரை அன்றைக்கே அழையுங்கள்.