கடைக் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டால்...

சேலம் லீ பஜார் மண்டியானாலும் சரி, நாமக்கல் முட்டை வியாபாரியானாலும் சரி, பில், இருப்பு, பாக்கி எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான். பண்டிகைக் கூட்டத்தில் அது நீலத்திரையைக் காட்டி நின்றுவிட்டால் வியாபாரமும் நின்றுவிடுகிறது. அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதை நம் வணிகர்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

உலகமே பார்த்த நீலத்திரை

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறிய கோப்பைத் தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பியது. தவறு தெரிந்து 10.57க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடத்தில் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 10 வங்கிகள், நிதி நிறுவனங்களில் சிறு தடங்கல் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

அது பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள். ஆனாலும் அதில் சிறு கடைக்காரருக்கும் பாடம் இருக்கிறது.

கெர்னல் என்பது என்ன?

கம்ப்யூட்டருக்குள் பில் போடும் மென்பொருள், டேலி போன்றவை கடைப் பையன்களைப் போல. குடோன் சாவியும் கல்லாவும் கையில் வைத்திருப்பவர் முதலாளி. அந்த முதலாளிதான் கெர்னல். நினைவகம், டிஸ்க், பிரிண்டர் எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு பையன் வேலையை விட்டால் ஒரு வேலைதான் கெடும். முதலாளியே மயங்கி விழுந்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

பிரிண்டர் முதலியவற்றை இயக்கும் டிரைவர்களில் பலவும், சில பாதுகாப்பு மென்பொருள்களும் முதலாளியின் அறைக்குள்ளேயே நின்று வேலை செய்பவை. அவை தவறினால் கெர்னல் தானே நிறுத்திக்கொள்ளும். தவறான கணக்கின் மேல் மேலும் எழுதிப் பேரேட்டைக் கெடுப்பதைவிட, கடையைச் சாத்துவது மேல் என்பதே காரணம். 2024ல் நடந்ததும் இதுதான். 20 மூட்டை வந்த லாரியில் 21வது மூட்டையைத் தேடியது போல, அந்த மென்பொருள் 20 விவரங்கள் மட்டுமே இருந்த இடத்தில் 21வதைப் படிக்கப் போனது.

பழுதுநீக்க வழி சிறியதுதான். சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்பும் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. திரையைச் செல்போனில் படம் எடுங்கள். கீழே 'ஸ்டாப் கோடு' இருக்கும். சில சமயம் கெடுத்த கோப்பின் பெயரும் இருக்கும். மெக்கானிக்கிடம் 'கம்ப்யூட்டர் ஓடவில்லை' என்றால் அவர் இருட்டில்தான் தேடுவார். இந்த இரண்டையும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 2025 முதல் விண்டோஸ் 11ல் இத்திரை கருப்பாகவும் வருகிறது.

2. நேரத்தையும், அதற்கு முன் நடந்த மாற்றத்தையும் எழுதுங்கள். புது பிரிண்டர் மாட்டினீர்களா? அப்டேட் ஓடியதா? மின்சாரம் போய் வந்ததா?

3. ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திறந்துவிட்டால், முதல் வேலையாகக் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். அதன் பிறகே பில்.

4. மறுபடியும் நின்றால், புதிதாக மாட்டியதைக் கழற்றிப் பாருங்கள். தீரவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். விண்டோஸில் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரில் விபத்தின் பதிவு இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கை நகல் எடுக்காமல் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்.

5. குற்றம் ஒரு டிரைவரில் என்று தெரிந்தால், அதை விற்றவருக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் படத்துடன் தெரிவியுங்கள். அப்போதுதான் அவர்களால் திருத்தம் வெளியிட முடியும். அடுத்த கடைக்காரரும் தப்புவார்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணை எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். 2024ல் இந்த எண் உடனே கிடைக்காமல் தவித்தவர்கள் பலர். உதவுவதாகச் சொல்லி மோசடிக்காரர்களும் அப்போது கிளம்பினார்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஆகவே தானாக அழைத்து 'சரி செய்கிறேன்' என்பவருக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து விடாதீர்கள்.

வரிசை எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்று கல்லாவில் இருக்கட்டும். வேண்டிய விவரங்களுடன் கையால் எழுதிய பில்லும் ஜிஎஸ்டியில் செல்லும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மட்டும், பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். அவர்கள் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

இயந்திரம் நிற்பதை நம்மால் முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் நின்றபோது என்ன சொன்னது என்பதை எழுதி வைத்தவருக்கு ஒரு மணி நேரம் போகும். எழுதாதவருக்கு ஒரு நாள் வியாபாரமும், சில சமயம் ஓர் ஆண்டுக் கணக்கும் போகும்.