முதல் கும்பிடு... எங்கே, எதற்காக?

அமாவாசையன்று தலைக்குக் குளித்து, வாழைக்காயும் பூசணிக்காயும் சமைத்து, முதல் பிடி சோற்றைக் காக்கைக்கு வைக்கிறீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தின் அடியில் வைக்கிறீர்கள். ஆடி மாதம் பிறந்துவிட்டால் தெருவே கூடி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறது. உங்கள் வீட்டுப் பங்காக ஒரு படி கேழ்வரகு மாவு போகிறது.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மாமியார். அவருக்கு? அவருடைய மாமியார். இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால்... உலகத்தில் முதன்முதலாகக் கை கூப்பிய மனிதர் யார்? எதற்காகக் கூப்பினார்?

கடவுள் எப்போது தோன்றினார் என்ற கேள்வியல்ல இது. முதலும் முடிவும் இல்லாதவர் என்று நாம் நம்பும் ஒருவருக்கு யாராலும் தேதி குறிக்க முடியாது. ஆனால், மனிதன் ஏன் வழிபடத் தொடங்கினான் என்று தேடிப் பார்க்கலாம். மண்ணுக்கு அடியில் அதற்கான தடயங்கள் இருக்கின்றன. வாருங்கள், பார்ப்போம்.

பயம்தான் காரணமா?

'இடிக்கும் மின்னலுக்கும் பயந்துதான் ஆதிமனிதன் சாமி கும்பிட ஆரம்பித்தான்' என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை சொல்லியிருக்கும். நீங்களும் பதில் தெரியாமல் விழித்திருப்பீர்கள். அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது பாதி உண்மைதான்.

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர், முதல் உலகப் போர் நடந்த வருடங்களில் நியூகினியாவுக்குப் பக்கத்தில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள மக்களுடன் பழகினார். அவர் கவனித்த ஒரு விஷயம் மிகவும் சுவையானது. கரையோரத்துக் கழியில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்கள் எந்தச் சடங்கும் செய்வதில்லை. அங்கே ஆபத்து கிடையாது. மீனும் நிச்சயம் கிடைக்கும். அதே ஆட்கள் ஆழ்கடலுக்குப் படகு விடும்போது மட்டும் விரிவான சடங்குகளைச் செய்தார்கள்!

உடனே 'பார்த்தீர்களா, பயம்தான் காரணம்' என்று சொல்லத் தோன்றும். சற்று யோசியுங்கள். பயம் மட்டுமே இருந்தால், அவர்கள் கரையிலேயே உட்கார்ந்திருப்பார்களே? பயம் இருந்தும் போயாக வேண்டும். போவதற்குத் தேவையான தைரியத்தைத்தான் அந்தச் சடங்கு கொடுத்தது. நீங்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, டாக்டரிடம் போகாமலா இருக்கிறீர்கள்? முடிந்து வைத்த பிறகுதான் கை நடுக்கம் நின்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கிறீர்கள்.

ஒரு பிள்ளையின் மார்பில் மான்கொம்பு

பயத்தால் விளக்கவே முடியாத தடயம் ஒன்று உண்டு. அது இஸ்ரேல் நாட்டில், நாசரேத் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கஃப்ஸே குகையில் கிடைத்தது. ஏறத்தாழ 90 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். அந்தப் பிள்ளையின் மார்பை ஒட்டி மான்கொம்புகளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

2014-ல் வெளியான ஆய்வு ஒன்று அந்த மண்டையோட்டை நுணுக்கமாகப் பரிசோதித்தது. சின்ன வயதிலேயே அந்தப் பிள்ளைக்குத் தலையில் பலத்த அடி பட்டிருக்கிறது. அதனால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகும் பல வருடங்கள் உயிரோடு இருந்திருக்கிறது!

ஒரு தாயாக இதைப் படியுங்கள். வேட்டையாடிப் பிழைத்த கூட்டம் அது. மற்றப் பிள்ளைகளைப் போல இல்லாத ஒரு பிள்ளையை அவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை. இறந்த பிறகும் வெறுமனே மண்ணைத் தள்ளி மூடவில்லை. எதையோ கையில் கொடுத்து வழியனுப்பினார்கள். யாரை அழைத்து வேண்டினார்கள், என்ன சொல்லி அழுதார்கள் என்று எலும்பு சொல்லாது. ஆனால், 'நீ போய்விட்டாய். ஆனாலும் நீ எங்கள் பிள்ளைதான்' என்ற எண்ணம் இல்லாமல் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

ரஷ்யாவில் விளாதிமிர் நகருக்கு அருகே சுங்கிர் என்ற இடத்தில் இன்னொரு கல்லறை. சுமார் 34 ஆயிரம் ஆண்டுகள் பழைமையானது. இரண்டு பிள்ளைகளைத் தலையோடு தலை சேர்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி, மாமத யானையின் தந்தத்தில் செய்த மணிகள் 10,000-க்கும் மேல்! ஒவ்வொன்றும் கையால் செதுக்கித் துளையிட்டது. எத்தனை பேர், எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்!

இங்கிலாந்து அறிஞர் டைலர் 1871-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கருத்தைச் சொன்னார். இறந்தவர்கள் கனவில் வருவதைப் பார்த்துத்தான், உடல் போனாலும் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கை மனிதனுக்கு வந்தது, சமயத்தின் வேர் அதுதான் என்றார். எல்லா அறிஞர்களும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால், போன மாதம் இறந்த அம்மா விடியற்காலைக் கனவில் வந்து 'சாப்பிட்டியா?' என்று கேட்டால், எழுந்ததும் நாம் முதலில் எதைச் செய்கிறோம்? விளக்கேற்றிக் கும்பிடத்தானே செய்கிறோம்?

ஊர் கூடி நிறுத்திய தூண்கள்

துக்கத்தைத் தனியாகத் தாங்க முடியாது. அதனால்தான் வழிபாடு, வீட்டுக்குள் இருந்து வெளியே வந்து ஊர் கூடும் விஷயமாகவும் ஆனது.

துருக்கியின் தென்கிழக்கில் கோபெக்லி தெபே என்ற மேடு இருக்கிறது. 1995 முதல் ஜெர்மானிய அறிஞர் கிளாவுஸ் ஷ்மிட் அங்கே அகழாய்வு செய்தார். வட்டவட்டமான கட்டடங்கள், நடுவே ஐந்தரை மீட்டர் உயரம் வரை கல்தூண்கள், அவற்றில் நரி, பாம்பு, பறவை உருவங்கள்... சில தூண்களில் மனிதக் கைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றின் வயது ஏறத்தாழ 11 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அப்போது அங்கே மண்பானை கிடையாது. மக்கள் வேட்டையாடியும், தானாக விளைந்த தானியங்களைச் சேகரித்தும் வாழ்ந்தார்கள்.

'முதலில் ஊர், பிறகு கோயில்' என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். 'இல்லை, கும்பிடுவதற்காகக் கூடியவர்கள்தான் பிறகு ஊராக அமர்ந்தார்கள்' என்றார் ஷ்மிட். அங்கே மக்கள் குடியிருந்த தடயங்களும் பின்னர் கிடைத்திருப்பதால், இதைப் பற்றிய விவாதம் தொடர்கிறது. ஆனால், அத்தனை பெரிய தூண்களை ஒரு குடும்பத்தால் நிறுத்தியிருக்க முடியாது என்பதில் சந்தேகமில்லை. பலர் கூடித்தான் இழுத்திருக்க வேண்டும்.

கூடி வழிபடும்போது மனிதன் தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியை உணர்கிறான், சமயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் துர்கைம் 1912-ல் எழுதினார். கூழ் ஊற்றும் நாளில், வருடம் முழுக்கப் பேசாத எதிர்வீட்டுக்காரி உங்கள் கையில் கரண்டியைக் கொடுத்து 'நீ ஊத்து' என்கிறாளே... அந்த நேரத்தில் நீங்கள் உணர்வது அதைத்தான்.

நம் மண்ணில் கல் சாமியான கதை

வெகு தூரம் போய்விட்டோம். இனி நம் ஊருக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் கிடைத்தது. ஆய்வில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிய வந்ததாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. மூவாயிரம் வருடங்களுக்கு முன்பும், போகிறவருக்கு வழித்துணையாக ஒரு பிடி நெல்! வாய்க்கரிசி போட்ட கை எதுவும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்காது.

அடுத்தது நடுகல். ஆநிரையை மீட்கப் போராடி உயிர்விட்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபட்டார்கள் நம் முன்னோர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த, தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுடன் அவனது நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர்களைக் கடித்த அதன் விசுவாசத்தையும் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

நடுகல் வழிபாட்டுக்கு ஆறு படிகளைச் சொல்கிறது தொல்காப்பியம். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கொண்டுவரும் பணியைத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். அடுத்து, பெருஞ்சிறப்போடு படையலிடும் பெரும்படை. நிறைவாக வாழ்த்து. இன்றும் சிலையைப் பிரதிஷ்டை செய்யும் முன் நீரில் வைக்கும் ஜலாதிவாசம் உங்கள் நினைவுக்கு வரலாம்.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் புரட்டினால், காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று கண்ணகிக்கும் அதே வரிசைதான். கடைசியாக ஒன்று கூடுதலாக வருகிறது. அதன் பெயர் 'வரந்தரு காதை'. கணவனைப் பறிகொடுத்து அழுத பெண், வரம் தரும் தெய்வமாகிவிட்டாள்!

ஆகவே, பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: 'பயத்தால் மட்டும் வந்ததில்லை கண்ணு. பிரிந்து போனவர்களை மறக்க மனசு வராமலும் வந்தது. பயத்தையும் துக்கத்தையும் ஒருத்தரே சுமக்க முடியாது என்பதால் எல்லோரும் கூடி நின்றார்கள். அங்கேதான் முதல் கும்பிடு.'

உங்கள் வீட்டுச் சாமி யார்?

இதற்குச் சாட்சி தேடி நீங்கள் துருக்கிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் குலதெய்வமே சாட்சியாக இருக்கலாம். மதுரை வீரன் கதை நமக்குத் தெரியும். சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று புடவை வைத்துக் கும்பிடும் வீடுகள் உண்டு. சுமங்கலிப் பிரார்த்தனை செய்யும் வீடுகளும் உண்டு. எல்லைக் கல்லாக நிற்கும் பல சாமிகளுக்குப் பின்னால் ஒரு பெயர், ஒரு மரணம், ஒரு நன்றிக்கடன் இருக்கிறது.

அந்தக் கதை இப்போது யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவருக்குத்தான். கல் நிற்கும்; பொங்கலும் வைப்போம். ஆனால், 'இது யார்?' என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. மறக்கக் கூடாது என்பதற்காக நட்ட கல்லை, மறந்துபோய்க் கும்பிடுவதில் என்ன பொருள்?

அடுத்த முறை குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்கு முன், மாமியாரிடமோ ஊரில் உள்ள பெரியம்மாவிடமோ அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொங்கல் பானை பொங்கி வரும் வரை காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில், பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து அதைச் சொல்லுங்கள். குலவை போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.